வார்டு பெருக்க வந்த அக்காவுக்கு

பக்கவாதம் வந்து இருபது நாள். அப்பாவுக்கு நாம் சொல்வது புரியும், வாயில் "ம்... ம்..." தவிர ஒன்றும் வராது. "பேச வராட்டியும் பாட்டு வரும் தம்பி" என்று சொல்லிவிட்டு, அவருடைய இடது கையைக் கட்டிலில் தட்டித் தாலாட்டு ஆரம்பித்தீர்கள். (வலது கைதான் விழுந்துவிட்டதே.) இரண்டாவது அடியில் அப்பா "ஆராரோ" என்று சேர்ந்துகொண்டார். நான் டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன்.

பேச்சுக்கு மூளையின் இடப்பக்கம், ராகத்துக்கு வலப்பக்கமும் கைகொடுக்கும் என்று பேச்சுப் பயிற்சியாளர் பிறகு விளக்கினார். 1973-லேயே பாஸ்டனில் இதைச் சிகிச்சையாக வகுத்திருக்கிறார்கள். பாட்டு வந்த உடனே பேச்சு வந்துவிடவில்லை. "தண்ணி வேணும்" என்பதையே ராகம் போட்டு, தட்டித் தட்டி, மெல்ல ராகத்தைக் குறைத்து, மூன்று மாதம்.

நேற்று ராகமே இல்லாமல் "காபில சக்கரை கம்மி" என்று என்னைத் திட்டினார்!

டிஸ்சார்ஜ் அன்று தேடினேன் அக்கா, ஷிஃப்ட் மாறிப் போய்விட்டீர்கள். பேர்கூடக் கேட்டு வைக்கவில்லை. ரொம்ப நன்றி.