இறங்கியதும் இறக்கிக்கொள்ளலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீனாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கான சென்ற இதழ்க் கட்டுரையில், ‘அங்கே போய் இறங்கியதும் பிளே ஸ்டோரில் ஏதாவது இலவச விபிஎன்னை இறக்கிக்கொண்டால் வாட்ஸ்அப் வேலை செய்யும்’ என்று ஒரு வரி. (வாட்ஸ்அப்பை முடக்கியிருக்கும் சீன இணையத் தணிக்கைச்சுவரைச் சுற்றிப்போக உதவும் செயலிதான் விபிஎன்.) எந்த பிளே ஸ்டோர் ஐயா? அங்கே அதுவே திறக்காது. ஆப்பிளும் 2017லேயே சீன ஆப் ஸ்டோரிலிருந்து விபிஎன் செயலிகளை எடுத்துவிட்டது. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதைதான்.

செயலியை ஊரிலேயே இறக்கி, ஒருமுறை இணைத்துப் பார்த்துவிட்டு விமானம் ஏற வேண்டும். இரண்டு நிறுவனங்களுடையது இருப்பது நல்லது. கடவுச்சொல் மறந்தால் மாற்றும் மடல் ஜிமெயிலுக்குத்தான் வரும். ஜிமெயிலும் அங்கே முடக்கம்.

செயலி இருந்தால் மட்டும் போதாது. ஓபன்விபிஎன், வயர்கார்டு என்ற பரவலான விபிஎன் இணைப்பு முறைகள் இரண்டும் இணையும்போது முதலில் அனுப்பும் பாக்கெட்டுகளிலேயே (தகவல் துண்டுகளிலேயே) தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே இருப்பதைப் படிக்காமலே தணிக்கைச்சுவர் வெட்டிவிடும். ஆகவே செட்டிங்ஸில் ‘ஸ்டெல்த்’ அல்லது ‘ஆப்ஃபஸ்கேட்டட்’ என்றிருக்கும் மாறுவேட முறையைத் தேர்ந்து, சாதாரண இணையதளங்கள் போகும் வழியான 443 போர்ட்டில் போக வேண்டும். அதுவும் என்றைக்கும் உத்தரவாதமில்லை. எதைப்போலவும் தெரியாமல் போன ஷேடோசாக்ஸ் என்ற தணிக்கை தாண்டும் கருவி, அப்படித் தெரியாததாலேயே 2021 நவம்பரில் மாட்டத் தொடங்கியது.

இந்திய சிம்மின் சர்வதேச ரோமிங் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அந்த டேட்டா நம் ஊர் நிறுவனத்தின் வழியாகச் சுற்றி வருவதால் விபிஎன் இல்லாமலே வாட்ஸ்அப் திறக்கும். செலவு அதிகம்தான், ஆனால் முதல் வாரத்துக்கு உதவும். விடுதி வைஃபைக்கு மாறினால் போச்சு.

போன வருடமும் ‘விபிஎன் போட்டால் யாருக்கும் தெரியாது’ என்று எழுதினீர்கள். நான் அனுப்பிய மறுப்புக்கு உங்கள் பக்கங்களில் இடமில்லை, இருக்கட்டும். என்ன பார்க்கிறீர்கள் என்பதுதான் மறையும், இணைத்தது மறையாது. இலவச விபிஎன் நடத்துபவரோ எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதையும் பார்க்கலாம். ‘சட்டச் சிக்கல் கிடையாது’ என்றதும் நீங்கள்தான். அனுமதியற்ற வழியில் வெளிநாட்டு இணையத்தோடு இணைந்தால் எச்சரிக்கையும் 15,000 யுவான் வரை அபராதமும் உண்டு என்பது 1990களிலிருந்தே அங்குள்ள விதி. விபிஎன் விற்ற ஒருவருக்கு 2017இல் ஐந்தரை ஆண்டுச் சிறை. அறைத்தோழர்களிடம் காசு வாங்கிப் பகிரக்கூடாது என்றாவது பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாமா?

முழுக் கட்டுரை கேட்கவில்லை. செப்டம்பர் வகுப்புகளுக்குப் பிள்ளைகள் கிளம்புமுன், ராசிபலன் பக்க ஓரத்திலாவது ‘செயலியை இங்கேயே இறக்கிவிடுங்கள்’ என்று ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
திருச்சி