பாட்டி ஏன் நெல்லை அள்ளினார்? வினாத்தாள் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குத் தமிழ் வினாத்தாளும் விடைக்குறிப்பும் தயாரிக்கும் பெருமக்களுக்கு வணக்கம்.

சென்ற பருவத் தேர்வில் ‘பத்தியைப் படித்து விடை எழுதுக’ பகுதியில் ஒரு பாட்டி வந்தார். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, பாட்டி முற்றத்தில் காயப்போட்ட நெல்லை அவசரமாக அள்ளுகிறார். நாலே வரிதான். ‘பாட்டி ஏன் நெல்லை அள்ளினார்?’ என்ற கேள்விக்கு நீங்கள் தந்த விடை: ‘வானம் இருட்டிக்கொண்டு வந்ததால்.’

என் வகுப்பில் ஒரு சிறுமி, களத்துமேட்டிலேயே வளர்ந்தவள், ‘நெல்லு நனைஞ்சா முளைச்சிடும். அப்புறம் விக்க முடியாது’ என்று எழுதியிருந்தாள். பேச்சுவழக்குதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தி சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொண்டு எழுதியவள் வகுப்பிலேயே அவள் ஒருத்திதான். முழு மதிப்பெண் போட்டேன். பார்வையிட வந்த அலுவலர் விடைக்குறிப்பைக் காட்டி, அதை அடிக்கச் சொன்னார். சிவப்பு மையால் அடித்தது என் கைதான். தாளை வாங்கிப் பார்த்தவள், “ஏன் டீச்சர், நெல்லு முளைக்காதா?” என்று கேட்டாள்.

அவளுக்குச் சொல்லப் பதில் இல்லாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மற்ற பிள்ளைகள் எப்படி மதிப்பெண் வாங்கினார்கள் என்று பார்க்க, மறுநாள் அர்த்தமே இல்லாத ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதினேன். ‘குமிலன் நொபட்டியில் ஏறி மூன்று பிலுக்குகளைத் தோபினான்.’ குமிலன் எதில் ஏறினான்? “நொபட்டியில்!” எத்தனை பிலுக்குகளைத் தோபினான்? “மூணு!” கடைசி வரிசைவரை கை உயர்ந்தது. நொபட்டி என்றால் என்ன என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. நம் மொழியில் இது ரொம்ப எளிது. வேற்றுமை உருபு சொல்லோடே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘எதில்’ என்றால் ‘இல்’லைத் தேடு, ‘எதை’ என்றால் ‘ஐ’யைத் தேடு, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுது. இந்த வித்தையைச் சொல்லித் தந்தது நாங்கள்தான். நீங்கள் கேட்பது அதைத்தானே!

என் கோரிக்கை சின்னது. பத்திக்கு ஐந்து கேள்வி என்றால், அதில் குறைந்தது இரண்டு, பத்தியிலிருந்து பெயர்த்து எழுத முடியாத கேள்விகளாக இருக்கட்டும். விடைக்குறிப்பில் ‘குழந்தை சொந்தச் சொற்களில் பொருத்தமாக எழுதினாலும் முழு மதிப்பெண் வழங்குக’ என்று ஒரு வரி சேருங்கள்.

இது பத்து வயதுப் பிள்ளைக்கு அதிகம் என்று நினைக்க வேண்டாம். பல நாடுகளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை 2001 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அளக்கும் பிர்ல்ஸ் தேர்வில், உள்ளதை எடுத்து எழுதும் கேள்விகளுக்கு ஒதுக்கீடு 20 சதவீதம்தான். மற்றதெல்லாம் ஊகிப்பது, இணைத்துப் பார்ப்பது, எழுதியிருப்பதை எடைபோடுவது. நம் தாளில் அந்த 20தான் மொத்தமும்.

எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் அடிப்படைத் திறன் தரும் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் வந்தது. என் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள், மகிழ்ச்சி. சரி, எழுத்துக்கூட்டி முடித்த பிள்ளைக்கு அடுத்து என்ன? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான வாசிப்பு இயக்கத்தின், ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிப்படியாக நான்கு நிலைகளில் அமைந்த கதைப் புத்தகங்களைப் போட்டி போட்டுக்கொண்டு எடுக்கிறார்கள். கதையைப் பாதியில் நிறுத்தி, “அடுத்து என்ன நடக்கும்? எதை வைத்துச் சொல்கிறாய்?” என்று கேட்டால் வகுப்பே சண்டை போடுகிறது. ஒருவன் முந்தைய பக்கத்தைப் புரட்டிப் படத்தைக் காட்டி வாதாடுகிறான். தேர்வு வந்ததும் அதையெல்லாம் மூடிவைத்துவிட்டுப் பெயர்த்து எழுதும் பயிற்சிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

இதற்கே நேரத்தைத் திருடித்தான் எடுக்கிறோம். காலையில் செயலியில் பதிவேற்ற சிக்னல் தேடி மாடிப்படியில் நிற்கிறேன். தொலைந்தால் யார் பணம் கட்டுவது என்ற பயத்தில் எத்தனை பள்ளிகளில் நூலகப் புத்தகங்கள் இரும்பு பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன! பிள்ளைகள் தொடாத புத்தகத்தைப் பதிவேட்டில் பத்திரமாக வைத்திருந்து யாருக்கு என்ன லாபம்? இவை உங்கள் பொறுப்பில் வராது என்பது தெரியும். மனத்தாங்கலில் எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள்.

வினாத்தாள் உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த பருவத் தாள் அச்சுக்குப் போகும் முன், பெயர்த்து எழுத முடியாத அந்த இரண்டு கேள்விகளையும், விடைக்குறிப்பில் அந்த ஒரு வரியையும் சேர்க்குமாறு பணிவோடு வேண்டுகிறேன். அவளுடைய தாளை இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் வைத்திருக்கிறேன். அடித்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் திரும்ப எழுத இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவர்,
காவிரிப் படுகை