யெஸ்டியைப் பிரித்தேன், பாப்பா

சேலம்
5.10.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கக் கோட்டை மாரியம்மன் துணை இருக்கணும். வாரா வாரம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "ம்... சரிப்பா... சாப்பிட்டேன்ப்பா" என்கிறாய். நானும் "சரி, வெச்சிடட்டுமா" என்கிறேன். ஒன்றரை நிமிடம்கூட ஆவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பழைய யெஸ்டி பைக்கைப் பிரித்துவிட்டேன்.

ஆடிப் பண்டிகை முடிந்த மறுவாரம் ஷெட்டைத் திறந்து தார்ப்பாயை இழுத்தேன். சீட்டுக்குள் இருந்த ஸ்பாஞ்சை எலி முழுக்க எடுத்துப் போயிருந்தது. டயர் இரண்டும் வெடித்துக் கிடந்தன. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் உள்ளங்கை அளவுக்குக் குளவிக் கூடு. டேங்க் மூடியைத் திறந்தால் பழைய பெட்ரோல் காய்ந்து வார்னிஷ் மாதிரி ஒரு வாடை. ஆனால் செயின் மட்டும் நான் கடைசியாக எண்ணெய் விட்ட மாதிரியே கருப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது. முழுக்க கவருக்குள் ஓடுகிற செயின் அல்லவா, தூசி போகவே இல்லை. அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் இந்த வண்டியை மறுபடி ஓட்டலாம் என்று எனக்குத் தோன்றியது.

நாற்பத்தொரு வயது வண்டி. 1961-ல் மைசூரில் ஜாவா என்று செய்ய ஆரம்பித்து, அப்புறம் யெஸ்டி ஆகி, 1996-ல் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். இப்போது அதே பேரில் புது வண்டி ரோட்டில் ஓடுகிறது. அது நாலு ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிர்கிற இன்ஜின். அதிலிருந்து ஒரு நட்டுகூட இதற்குச் சேராது. ஒவ்வொரு சாமானாகத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கிக்கர் அசையவே இல்லை. பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரம் வழியாக டீசலும் ஆயிலும் கலந்து விட்டேன். தினமும் காலையில் காபி குடித்ததும் போய் ஒரு கரண்டி விடுவேன். கியர் லீவரை உள்ளே அமுக்கி மேலே திருப்பினால் அதுவே கிக்கர், உனக்குத்தான் தெரியுமே. அதைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்ப்பேன். மிதிக்கக் கூடாது, மிதித்தால் கிக்கர் ஷாப்டின் பல் போய்விடும். ஒன்பது நாள் கல் மாதிரி இருந்தது. பிறகு ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் வேப்ப மரக்கட்டையை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டினேன். பதினோராவது நாள் ஒரு நூல் அளவு இறங்கியது. அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருந்திருப்பாய்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஆபீஸ் கேன்டீனை நம்பாதே.

வைகாசியில் மல்கோவா அனுப்பும்போது ஆபீஸ் முகவரிக்கு அனுப்பச் சொன்னாய். சரி என்று அனுப்பினேன். பன்னிரண்டு பழத்தையும் சாயங்காலம் பஸ்ஸில் எப்படித் தூக்கிக்கொண்டு போயிருப்பாய் என்று அம்மா இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளைக்குப் பழம் பிடித்ததா என்று கேட்கலாம் என்றால், சித்திரையிலிருந்து நான் கேட்கும்போதெல்லாம் அவர் குளித்துக்கொண்டே இருக்கிறார். சரி, அதை விடு. வேலை இருக்கும்.

அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. எதிர் வீட்டில் மேல் மாடி எடுக்கிறார்கள். தம்பி போன வாரம் வந்துவிட்டுப் போனான். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. ராத்திரி படுக்கும்போது தாழ்ப்பாள் போட்டுக்கொள். கேஸை ரெகுலேட்டரிலேயே அணைத்துவிட்டுப் படு. தனியாக இருக்கும்போது இதெல்லாம் மறக்கக் கூடாது.

பிரிப்பதை நான் ஒழுங்காகத்தான் செய்தேன். இரும்பாலையில் முப்பத்தொரு வருடம் மெயின்டெனன்ஸ் பார்த்த கை. கழற்றுகிற ஒவ்வொன்றையும் முதலில் போனில் படம் எடுத்து, நட்டு போல்ட்டைத் தனித்தனி டப்பாவில் போட்டு மேலே எழுதி ஒட்டினேன். டேங்கில் பழைய நட்டு இரண்டு கைப்பிடி போட்டு, டீசல் விட்டு, திண்ணையில் உட்கார்ந்து குலுக்கு குலுக்கு என்று குலுக்கினேன். மூன்று தடவை செம்மண் கரைசல் மாதிரி வந்தது, நாலாவது தடவை டீசல் டீசலாகவே வந்தது. இரண்டு சைலன்சரிலும் கரி அடைத்திருந்தது. கார்புரேட்டர் ஜெட்டைச் சுத்தம் செய்து ஊதிப் பார்த்தேன், வெளிச்சம் தெரிந்தது. பாயிண்ட்டை நைஸான உப்புத்தாளில் தேய்த்துப் பேட்டரி கொடுத்ததும் நீலமாகப் பொறி அடித்தது. எழுபத்திரண்டு வயதில் இதையெல்லாம் தனியாகச் செய்தேன் என்று உன்னிடம் சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் பாதி நாளில் முடிந்திருக்கும். உன் விரல் போகிற இடத்துக்கு என் விரல் போகாது. ஆனால் நீ பதினாறு வருடமாக அந்த ஷெட் பக்கமே வரவில்லை. ஊருக்கு வந்தாலும் கொல்லைப்புறம் போகிறவள் சுற்றிக்கொண்டு போவாய். நான் கவனித்திருக்கிறேன்.

பிஸ்டன் வெளியே வந்த அன்று மெக்கானிக் பாய் வந்திருந்தார். அவருக்கும் இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. பிஸ்டனைக் கையில் வாங்கி, வெயிலில் பிடித்து, கட்டை விரலால் சுற்றிலும் தடவினார். நாலு பக்கமும் மேலிருந்து கீழே கோடு. ரிங் இரண்டும் காடியிலேயே ஒட்டிக் கிடந்தன. "காத்து இழுத்து இன்ஜின் இறுகிப் பிடிச்ச வண்டின்னா புகை போற பக்கம்தாண்ணா கோடு விழும். இது சுத்திலும் விழுந்திருக்கு. ஆயில் இல்லாம ஓடியிருக்கு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பிஸ்டனைத் திண்ணையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

பாப்பா, எனக்கு அது அன்றைக்குத் தெரிந்த விஷயம் இல்லை. 2009-லேயே தெரியும்.

அந்தச் சனிக்கிழமை டேங்கைக் கழற்றிக் கழுவி, கேனில் இருந்த புதுப் பெட்ரோல் நாலு லிட்டரை நான்தான் ஊற்றினேன். அதில் கலக்க டூ-டி ஆயில் டப்பாவும் வாங்கி வைத்திருந்தேன். அதற்குள் மில்லில் பிரேக்டவுன் என்று போன் வந்தது, சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். ராத்திரி இரண்டு மணிக்கு வந்து படுத்தேன். காலையில் நீ வந்து கேட்டாய். கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாய் என்று எல்லோரிடமும் சொன்னேன், ஆனால் நீ கேட்டாய். "வண்டி எடுத்துட்டுப் போகட்டுமாப்பா?" என்றாய். தலையாட்டினேன். "ஆயில் ஊத்தியாச்சா?" என்றாய். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றேன்.

இது டூ ஸ்ட்ரோக், இந்த வண்டிக்குப் பெட்ரோலோடு கலக்கிற ஆயில்தான் உயிர். பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வேறு வழியாக ஒரு சொட்டு எண்ணெய் போகாது. இன்ஜினுக்குள் ஒட்டியிருந்த பழைய பசையை வைத்துக்கொண்டு அடிவாரம் வரை ஓடிவிட்டது. ஏற்காட்டுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறணும், இருபது கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது கியர் விட்டால் முதல் கியர். பதினாலாவது வளைவில் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் பூட்டிய அந்த நொடியில் நீ கிளட்சைப் பிடித்திருக்கிறாய். அதனால்தான் விழவில்லை. இரண்டு விரலை எப்போதும் கிளட்ச் மேலேயே வைத்திரு என்று மோகன் நகர் குவார்ட்டர்ஸ் ரோட்டில் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். பத்தாவது லீவில் சொன்னதை நாலு வருடம் கழித்து அந்த வளைவில், அந்தப் பக்கம் பள்ளத்தை வைத்துக்கொண்டு செய்தாய். பெரிய ஆம்பளைகளே அந்த இடத்தில் கிளட்சை மறந்து பிரேக்கைப் பிடித்திருப்பார்கள். அதற்கு அன்றைக்கு உன் தலையில் கை வைத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். டெம்போவில் வண்டியைப் போட்டுக்கொண்டு நீ வந்து இறங்கியபோது பண்டிகைக்கு வந்த அத்தைகள், பெரியப்பா எல்லோரும் வாசலில் நின்றார்கள். "பொம்பளப் புள்ள கையில வண்டியக் கொடுத்தா இப்படித்தான், மெக்கானிக்கல் படிக்கிற லட்சணத்தப் பாரு" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். ஆயில் ஊற்றியாச்சா என்று காலையில் கேட்டதை அப்போது சொல்லியிருந்தால் என் வாய் அடைத்திருக்கும். நீ சொல்லவில்லை. அப்பாயிகூட "ஏன்டி பேசாம நிக்கிற, தப்புப் பண்ணினவ மாதிரி" என்றாள். அப்போதும் நீ சொல்லவில்லை. உள்ளே போய் முகம் கழுவினாய்.

ராத்திரி ஷெட்டில் போய்ப் பார்த்தேன். ஆயில் டப்பா ஜன்னல் மேல் சீல் உடையாமல் இருந்தது. அதை எடுத்து மீட்டர் பெட்டிக்குப் பின்னால் செருகிவிட்டேன். காலையில் சொல்லலாம் என்று நினைத்தேன். காலையில் எல்லோரும் இருந்தார்கள். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் நீ ஹாஸ்டல் போய்விட்டாய். வண்டியைச் சரி செய்தால் பிரிக்கணும், பிரித்தால் யாராவது பார்ப்பார்கள், அதனால் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். வண்டியின் மேல் எனக்குப் பிரியம் போய்விட்டது என்று அம்மா நினைத்தாள். போன வாரம்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போனாள். இரண்டு நாள் தட்டை வைத்தாள், சோறு போட்டாள், பேசவில்லை. மூன்றாவது நாள் "புள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

இப்போது சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது. பெரியப்பாவிடமும் அத்தைகளிடமும் நானே போன் போட்டுச் சொல்கிறேன்.

நீ வாய் திறக்காமல் நிற்பதைப் பார்த்து இனி நான் தப்பாக நினைக்க மாட்டேன், கண்ணு. உன் விஷயத்தில் எது எப்படி இருந்தாலும் சரி, யார் வாசலில் நின்றாலும் சரி, அன்றைக்குப் பேசின மாதிரி இந்த வாய் பேசாது. நான் எதையும் கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நேரத்துக்குச் சாப்பிடு.

சிலிண்டர் நாலு ரோடு பக்கம் லேத்தில் இருக்கிறது. கோடு ஆழமாகப் போகவில்லை, சிலிண்டர் துளையை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கினால் போதும் என்கிறார்கள். ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரும். புது ஆயில் வாங்கி வைத்திருக்கிறேன். புதிதாகக் கடைந்த சிலிண்டர் என்பதால் முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு லிட்டருக்கு ஐம்பது மில்லி ஊற்றணும். கிக்கர் இடது பக்கம், என் இடது முட்டி அதற்கு ஒத்துவராது.

இன்னொன்று. ஆர்.சி. காலாவதியாகிக் கிடக்கிறது. ஐம்பது வருடம் ஆன வண்டி என்றால் விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம், ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது. நம்முடையதற்கு அந்த வயதும் ஆகவில்லை, எனக்கு இது ஓடணும். அதனால் சாதாரணமாகவே புதுப்பித்து, அதன் பிறகு உன் பேருக்கு மாற்றப் போகிறேன். படிவம் 29, 30 வாங்கி வைத்துவிட்டேன். உன் கையெழுத்தும் ஆதாரும் வேண்டும். ஆதாரில் முகவரி மாறியிருந்தால் மாறியபடியே இருக்கட்டும். எதைப் போடுவது என்று உனக்குக் குழப்பமாக இருந்தால் அஸ்தம்பட்டி முகவரியையே போட்டுக்கொள், வண்டி இங்கேதானே நிற்கும். உன் ரூமை அம்மா வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டாள், தீபாவளிக்காக என்று சொல்கிறாள்.

தீபாவளிக்கு இன்னும் பதினைந்து நாள்தான் இருக்கிறது. பெங்களூரிலிருந்து ரயில் என்றால் நாலு மணி நேரம்தான். தனியாக வந்தாலும் வா.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: கிராங்க் ஆயில் சீல் இரண்டும் காய்ந்து விறைத்துப் போயிருக்கின்றன, சேலத்தில் சரியான அளவு கிடைக்கவில்லை. பெங்களூர் ஜே.சி. ரோட்டில் கேட்டால் கிடைக்கும். பழசைப் படம் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன், பார். கூரியரில் போடாதே, வரும்போது கையோடு கொண்டு வா.