பொன்முத்தின் நிறம் எங்கிருந்து வந்தது என்பதையும் பில்லில் எழுதுங்கள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட நகைக்கடை உரிமையாளர்களுக்கும், நகை வியாபாரிகள் சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வேலூர் லாங் பஜாரில் ஒரு தங்கச் சங்கிலி வாங்கினால் அதன் எடை, 916 முத்திரை, ஹெச்.யு.ஐ.டி. என்னும் ஆறு இலக்க நகை அடையாளக் குறியீடு, சேதாரம், செய்கூலி என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. அதே கடையில் பொன்னிற முத்துச் சரம் வாங்கினால் ‘முத்து சரம் 1’ என்று எழுதி எதிரே ஒரு தொகை போடுகிறார்கள். அந்த நிறம் சிப்பிக்குள்ளேயே வந்ததா, பிறகு பட்டறையில் ஏற்றியதா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்டுத்தான், முத்து கோர்க்கிற, தரம் பிரிக்கிற வேலையில் இருக்கும் நாங்கள் இந்த மடலை எழுதுகிறோம்.

ஆழ்ந்த பொன்னிறத்தை இயற்கையாகவே தருவது பிங்டாடா மாக்ஸிமா என்னும் பெரிய கடல் சிப்பி; அதன் முத்தைத்தான் தென்கடல் முத்து என்கிறோம். அதிலும் ஓட்டின் விளிம்பு மஞ்சளாக இருக்கும் வகைதான். பிலிப்பைன்ஸின் பலவான் பகுதியிலும் இந்தோனேசியா, மியான்மர் கடல்களிலும் அதை வளர்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அதே சிப்பியின் வெள்ளி விளிம்பு வகை அதிகம் என்பதால் அங்கே வெள்ளை முத்து. முத்து வளர்வதற்காகச் சிப்பிக்குள் ஒரு மணியை வைக்கும்போது, வேறொரு சிப்பியின் சதை மடிப்பிலிருந்து வெட்டிய சிறு துண்டையும் சேர்த்து வைப்பார்கள். துண்டு கொடுத்த சிப்பியின் நிறம்தான் முத்தின் நிறத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இரண்டு மூன்று ஆண்டு காத்திருந்து எடுத்தாலும் அடர்ந்த பொன்னிறம் கொஞ்சம்தான் தேறும்; பெரும்பகுதி வெளிர் மஞ்சளாகவோ கிரீமாகவோ வரும். நல்ல நிறத்துக்கு விலை ஏறுவது இதனால்தான். வெளிறியதைச் சாயத்தில் போடுகிற ஆசை வருவதும் இதனால்தான்.

சந்தைக்கு வரும் பொன்னிறச் சரங்களில் பல சீன நன்னீர் முத்துகள். அவை வெள்ளை, பீச், இளஊதா நிறங்களில் இயற்கையாக வரும். 22 காரட் தங்கம் போன்ற நிறம் தெரிந்தால் சாயம் என்றே எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது அகோயா என்னும் சிறிய கடல் சிப்பியின் வளர்ப்பு முத்து. அதில் இயற்கையாக வரும் பொன்னிறம் பெரும்பாலும் மெல்லியதாகவே இருக்கும். மூன்றாவதுதான் கண்ணை ஏமாற்றுவது: உண்மையான தென்கடல் முத்து, ஆனால் வெளிறியது, சாயமோ சூடோ ஏற்றி நிறம் கூட்டியது. அளவும் எடையும் பளபளப்பும் அசல் பொன்முத்துக்கு உரியவையாகவே இருக்கும். இவை தவிர ‘சவுத் சீ ஷெல் பேர்ல்’ என்று ஒன்று வருகிறது. அது சிப்பி ஓட்டை உருட்டி மேலே பூச்சு கொடுத்த போலி. சாயமேற்றிய முத்துக்குப் பக்கத்தில்கூட அதை வைக்கக் கூடாது.

‘தூத்துக்குடி தங்கமுத்து’ என்று சொல்லி 10 மில்லிமீட்டர் மணியைக் காட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அங்குள்ள சிப்பி பிங்டாடா ஃபுகாட்டா என்னும் சிறிய வகை. 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் முத்து வளர்த்து வெற்றி கண்டதும் அதில்தான். அந்தச் சிப்பியில் இந்த அளவுக்கு, இந்த நிறத்தில் முத்து எதிர்பார்க்க முடியாது.

கல்லாவில் உட்கார்ந்தே செய்யக்கூடியது இவ்வளவு. முதலில் அளவு: தென்கடல் முத்து 8 மில்லிமீட்டருக்குக் கீழே அரிது. 6 மில்லிமீட்டரில் அடர்ந்த பொன்னிறச் சரம் வந்தால் அங்கேயே கேள்வி எழ வேண்டும். அடுத்து, சரத்தை வெள்ளைத் தாளில் கிடத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடையின் மஞ்சள் விளக்கில் எல்லா முத்தும் பொன்தான். இயற்கை நிறச் சரத்தில் மணிக்கு மணி சிறு வேறுபாடு இருக்கும்: ஒன்றில் பச்சை சாயல், இன்னொன்றில் இளஞ்சிவப்பு. எல்லா மணியும் ஒரே வாளியில் முக்கியது போல இருந்தால் சந்தேகப்படுங்கள். நன்கு பொறுக்கிச் சேர்த்த இயற்கைச் சரமும் சீராக இருக்கும். ஆனால் அதன் விலை அதைச் சொல்லிவிடும்.

பிறகு துளை. பத்து மடங்கு லென்ஸும் சிறு வெள்ளை டார்ச்சும் போதும். ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல: சாயம் தோல் முழுக்க ஒரே சீராக நிற்காது, துவாரத்திலும் கீறலிலும் தேங்கும். முத்திலும் துளையின் ஓரத்தில், சிறு குழியில், மயிரிழை வெடிப்பில் நிறம் அடர்ந்து நின்றால் அது சாயம். முடிச்சுக்குள் மறைந்திருக்கும் பட்டு நூலையும் பாருங்கள். வெள்ளை நூல் மஞ்சளாகி இருந்தால் சாயம் கழன்று வருகிறது. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. துளைக்குள் முத்துப்படலமும் உள்மணியும் சேரும் இடத்தில் பழுப்புக் கோடு ஒன்று தெரியலாம். அது சிப்பியே சுரந்த கரிமப் பொருள். அதைச் சாயம் என்று சொல்லி நல்ல முத்தை ஒதுக்கிவிடக் கூடாது. துளையின் ஓரத்தில் தோல் உரிவது போலத் தெரிந்தால் அது பூச்சு, போலி.

பல்லில் உரசிப் பார்ப்பது முத்தா, கண்ணாடியா என்று மட்டுமே சொல்லும். சாயமேற்றிய முத்தும் பல்லில் நறநறக்கும். வாடிக்கையாளர் முன்னால் பல்லில் உரசிக்காட்டி நிறத்துக்கும் சேர்த்து உறுதி கொடுப்பதை நிறுத்த வேண்டும். எலுமிச்சைச் சாறு, வினிகர், புளித்தண்ணீர் சோதனைகள் அதைவிட மோசம். முத்து கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் மெருகு அரித்துப் போகும், திரும்ப வராது. அசிட்டோன் தோய்த்த பஞ்சில் சில சாயங்கள் வரும், சில வராது. பஞ்சு வெள்ளையாக இருப்பது சான்று ஆகாது. புற ஊதா டார்ச்சும் ஒரு குறிப்பு மட்டுமே.

இத்தனையும் சாயத்தைப் பிடிக்கத்தான் உதவும், இயற்கை நிறத்தை நிரூபிக்க உதவாது. துளையிடும் முன்பே திறமையாக நிறமேற்றிய, அல்லது சூடுபடுத்திய தென்கடல் முத்து லென்ஸில் ஒன்றுமே காட்டாமல் போகலாம். அதற்குப் பரிசோதனைக் கூடம் வேண்டும். அங்கே ஒளிப் பிரதிபலிப்பை அளக்கிறார்கள். இயற்கைப் பொன்முத்து புற ஊதாப் பகுதியில், 330 முதல் 385 நானோமீட்டர் வரை, ஒளியை உறிஞ்சும்; அளவீட்டு வரைபடத்தில் அது ஒரு பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளம் இல்லாமலோ மிக மங்கலாகவோ இருந்தால் நிறம் பின்னால் வந்தது என்று சந்தேகிப்பார்கள். மும்பையிலும் ஜெய்ப்பூரிலும் ரத்தினப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. ஒரு ஜோடி தோட்டுக்கு அனுப்பச் சொல்லவில்லை. பெரிய தொகைக்கு விற்கும் தென்கடல் சரத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். அறிக்கையில் ‘வளர்ப்பு முத்து’ என்ற வரியோடு நின்றுவிடாமல் நிறம் பற்றிய வரியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாயமேற்றி விற்பது குற்றம் அல்ல. நன்னீர்ச் சரம் சாயத்தோடு அழகாகவே இருக்கிறது, கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையோடு போட எடுப்பாகவும் இருக்கும். சாய விலைக்கு, சாயம் என்று சொல்லி விற்கட்டும். சொல்லாமல் விட்டால் நேரும் கஷ்டம் வாங்கியவருக்கு மட்டும் இல்லை. வியர்வை, சென்ட், கண்ணாடிப் பெட்டிக்குள் எரியும் சூடான விளக்கு இவற்றால் சில சாயங்கள் திட்டுத்திட்டாக வெளுக்கும். அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டாலோ, முத்து பதித்த பின் பற்றவைத்தாலோ முத்தே கெடும். பழுதுக்கு வந்த நகையின் நிறம் உங்கள் பட்டறையில் மாறினால் பழி உங்கள் ஆசாரி மேல் விழும்.

ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டுமே பேசும். முத்துப் பதக்கத்தில் அந்த முத்திரையைப் பார்த்துவிட்டு, முத்துக்கும் சேர்த்து அரசு உத்தரவாதம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அதைத் திருத்திச் சொல்ல வேண்டிய இடம் கடைதான். சி.எம்.சி.க்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வருகிறவர்கள் இங்கே நகை வாங்கிப் போனால், பிறகு சந்தேகம் வந்தாலும் திரும்பி வந்து கேட்பது எளிதல்ல. அவர்கள் கையில் இருப்பது பில் மட்டும்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரத்தை அறியும் உரிமையை அவர்களுக்கும் தருகிறது. தரத்தைத் தவறாகச் சொல்லி விற்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். தெளிவாக எழுதிய பில் அங்கே கடைக்காரருக்கும் துணை நிற்கும்.

நாங்கள் கேட்கும் வரி இப்படி இருக்கலாம்: ‘முத்து: வளர்ப்பு, தென்கடல், 10–11 மி.மீ., 37 மணி, நிறம் இயற்கை.’ அல்லது: ‘முத்து: வளர்ப்பு, நன்னீர், 6–7 மி.மீ., 61 மணி, நிறம் சாயம்.’ உறுதியாகத் தெரியாதபோது ‘நிறம் சோதிக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள்; அதுவும் நேர்மையான வரிதான். சரக்கு தரும் மொத்த வியாபாரியிடம், அவர் மும்பையோ ஐதராபாத்தோ, இதே வரியை அவருடைய பில்லில் கேட்டு வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்தச் சரக்கைச் சாயம் என்றே வைத்து விலை போடுங்கள். முத்தின் எடையைத் தங்க எடையில் சேர்க்காமல் கழித்துக் காட்டுங்கள். இயற்கை நிறம் என்று விற்ற சரத்தைப் பரிசோதனைக்கு அனுப்ப ஒரு மாதம் அவகாசம் கொடுத்து, முடிவு வேறாக வந்தால் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாகப் பில்லிலேயே எழுதுங்கள்.

துளை பார்க்கிற வேலையைக் கடை ஊழியர்களுக்குக் காட்டித்தர எங்களில் சிலர் வரத் தயாராக இருக்கிறோம். சங்கம் ஒரு பிற்பகல் ஒதுக்கினால் போதும். சாயமேற்றிய நன்னீர்ச் சரம் ஒன்று, ஷெல் பேர்ல் சரம் ஒன்று, பரிசோதனை அறிக்கை உள்ள தென்கடல் முத்து ஒன்றிரண்டு, ஆளுக்கொரு பத்து மடங்கு லென்ஸ் ஏற்பாடு செய்யுங்கள். நூல் அறுத்துப் பார்க்க வேண்டிவரும். அறுத்த சரத்தை அன்றே கோர்த்துத் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
முத்து கோர்ப்போர், தரம் பிரிப்போர்
வேலூர்