பட்டென்று காய்கிற திரவம்

கும்பகோணம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுகிறாய். இது அப்படி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி. அறையில் இருக்கிற பெண்களுக்கும் படித்துக் காட்டு.

போன வாரம் அம்மாவிடம் இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, தீபாவளிக்கு அப்புறம் உங்கள் லைனில் போன் கண்ணாடி துடைக்கிற திரவத்தை மாற்றிவிட்டார்கள் என்பது. பழையது காய நேரமாகுமாம், புதியது துடைத்த கையோடு பட்டென்று காய்ந்துவிடுகிறதாம், பீஸ் கணக்கு ஏறுகிறதாம். இன்னொன்றை வேடிக்கையாகச் சொன்னாய். பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு நடக்கும்போதே செருப்பு கழன்றுவிடுகிறது, அது தெரியாமலே அவள் நாலடி போய்விடுகிறாள் என்று. அம்மா சிரித்தாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு என்ன என்று நான் சொல்ல முடியாது. சர்க்கரையாக இருக்கலாம், வைட்டமின் குறைவாக இருக்கலாம், செருப்பே தொளதொளவென்று இருக்கலாம். ஆனால் இரண்டு செய்தியையும் ஒன்றாகக் கேட்டதும் எனக்கு ஒரு பெயர்தான் தோன்றியது. ஹெக்சேன்.

இந்தப் பெயர் நம் வீட்டுக்குப் புதிதில்லை. என் சட்டையில் வரும் பெட்ரோல் மாதிரியான வாடைக்காக அம்மா அதைத் தனியாகத் துவைத்தாளே, அதுதான் இது. 26 வருஷம் அதோடுதான் பிழைத்தேன். உன் டிப்ளமோ ஃபீஸும் அதில்தான் கட்டினோம். அதனால் அதைத் திட்டி எழுதப்போவதில்லை.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிற ஆலை அது. அரிசித் தவிட்டில் 100-க்கு 15 முதல் 20 பங்கு எண்ணெய் இருக்கிறது. செக்கில் போட்டால் சரியாக வராது. சும்மா வைத்திருந்தாலும் கெட்டுவிடும். அரைத்த சில மணி நேரத்திலேயே தவிட்டுக்குள் இருக்கும் நொதி ஒன்று எண்ணெயைக் காறவைக்க ஆரம்பித்துவிடும். அதனால் தவிடு லாரி வந்தால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. தவிட்டை உருண்டையாக்கி அதன் மேல் ஹெக்சேனைப் பொழியவிடுவோம். அது எண்ணெயைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். எண்ணெயும் ஹெக்சேனும் கலந்த அந்தக் கலவைக்கு மிசெல்லா என்று பெயர். சூடாக்கினால் ஹெக்சேன் ஆவியாகிப் பிரிந்துவிடும், எண்ணெய் தங்கிவிடும். ஹெக்சேன் கொதிக்க 69 டிகிரி போதும், தண்ணீர் கொதிக்கிற அளவு சூடுகூட வேண்டாம். பிரிந்த ஆவியைக் குளிரவைத்துத் திரும்பத் திரவமாக்கி அடுத்த தவிட்டுக்கு விடுவோம். சுற்றிச் சுற்றி அதே சரக்கு. தவிட்டில் மிஞ்சுகிற எண்ணெய் 100-க்கு ஒரு பங்குகூட இருக்காது. இதைவிடக் கெட்டிக்காரக் கரைப்பான் கிடையாது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அம்மா சமைக்கிற எண்ணெயைப் பற்றிப் பயப்படாதே. சுத்திகரித்த எண்ணெயில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஹெக்சேன் இருக்கக் கூடாது என்று நம் நாட்டு விதியிலேயே இருக்கிறது.

எங்கள் பயமெல்லாம் நெருப்புதான். மைனஸ் 22 டிகிரி குளிரிலும் பற்றிக்கொள்ளக்கூடிய சரக்கு அது. நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். காற்றில் 100-க்கு 1.1 பங்கு கலந்தால் போதும், ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம் என்பதால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளம், சாக்கடை, பம்ப் குழி என்று தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். திரவமோ தண்ணீரில் மிதக்கும். எரிகிறதே என்று தண்ணீரை அடித்தால் நெருப்பே மிதந்து அடுத்த இடத்துக்குப் போகும்.

அமெரிக்காவில் லூயிவில் என்று ஓர் ஊர். அங்கே சோயா எண்ணெய் ஆலையிலிருந்து ஹெக்சேன் கசிந்து ஊர்ச் சாக்கடைக்குள் போய்விட்டது. 1981 பிப்ரவரி 13, விடியற்காலை. வேலைக்குப் போன ஒரு காரிலிருந்து வந்த பொறி போதுமாக இருந்தது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் தெருக்கள் வெடித்துப் பிளந்துவிட்டன. அந்த நேரத்தில் தெருவில் ஆள் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் பயிற்சியில் அந்தப் படத்தைக் காட்டாமல் ஒரு வருஷமும் விட்டதில்லை. கேட்டிலேயே தீப்பெட்டியை வாங்கிவிடுவார்கள். நைலான் சட்டை போட்டால் உள்ளே விடமாட்டார்கள். இரும்பு ஸ்பேனருக்கு இடமில்லை, வெண்கலம்தான். நீ சின்னப் பிள்ளையில் தூக்கிக்கொண்டு விளையாடினாயே மஞ்சள் ஸ்பேனர், அதுவும் அங்கிருந்து வந்ததுதான். (அதை நான் கொண்டுவந்திருக்கக் கூடாது, அது வேறு கதை.)

நெருப்புக்குப் பயந்தே ஹெக்சேனைக் குழாய்க்குள்ளும் தொட்டிக்குள்ளும் பூட்டி வைத்தார்கள். கசிந்தால் பணமும் போகும், உயிரும் போகும் என்று முதலாளிக்கும் தெரியும். ஆக எங்கள் மூக்குக்கு வந்தது கொஞ்சம்தான். அந்தக் காவலில்தான் 26 வருஷம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்களிடம் லாரி லாரியாக இருந்தது, ஆனால் பூட்டி இருந்தது. உன் மேஜையில் இருப்பது அரை லிட்டர்கூட இருக்காது. ஆனால் அது திறந்திருக்கிறது, உன் மூக்குக்கு ஒரு முழத்தில், ஏசி போட்டு ஜன்னல் அடைத்த ஹாலில், எட்டு பத்து மணி நேரம். பட்டென்று காய்கிறது என்றாயே, காய்ந்தது எங்கே போயிற்று என்று யோசித்தாயா?

வேலையில் சேர்ந்த புதிதில் நானும் முட்டாள்தனம் செய்திருக்கிறேன். கையில் கிரீஸ் பட்டால் மாதிரி எடுக்கிற குழாயைத் திறந்து ஹெக்சேனில் கழுவிக்கொள்வேன். சோப்பைவிடச் சுத்தமாகப் போகும். தோலில் இருக்கிற எண்ணெயும் சேர்ந்து போய் விரலெல்லாம் வெடித்தது. ஃபோர்மேன் ஒருநாள் பார்த்துவிட்டுத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. "நெருப்பு ஒரே நாளில் கொல்லும், அதனால எல்லாரும் பயப்படுறான். இது நரம்பைத் தின்னும்டா, ஆறு மாசம் ஆகும், எவனுக்கும் தெரியாது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். மூச்சோடு உள்ளே போன ஹெக்சேனை வெளியேற்றப் பார்க்கிற கல்லீரல், அதை ஹெக்சேன்டயோன் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. விஷம் அதுதான். நரம்பு இழைக்குள் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது, இழை அங்கங்கே வீங்கி அடைத்துக்கொள்கிறது. உடம்பிலேயே நீளமான நரம்பு முதுகிலிருந்து கால் விரலுக்குப் போகிறதல்லவா, முதல் அடி அதற்குத்தான். கால் விரல் மரக்கும், அப்புறம் பாதம், அப்புறம் கைவிரல். வலி பெரிதாக இருக்காது. படியில் கால் தட்டும், பொத்தான் போட முடியாது, செருப்பு கழன்றால் தெரியாது. ஒரே நாளில் வராது, மாதக்கணக்கில் வரும்.

முதலில் இதை வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் ஜப்பானில் வீட்டிலிருந்தே செருப்பு ஒட்டிய பெண்கள். அதற்கு முன்னால் பசையில் பென்சீன் இருந்தது. அது ரத்தத்தைக் கெடுத்தது என்று நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக வந்தது ஹெக்சேன் கலந்த பசை. 1960-களில் அந்த வீடுகளில் கை கால் மரத்தவர்கள் வரிசையாக வந்தார்கள். ஒரு கெட்டதை எடுத்துவிட்டு இன்னொரு கெட்டதை வைப்பது பழைய வழக்கம்.

உன் வேலைக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது. சீனாவில் சூசோ என்ற ஊர், விண்டெக் என்ற கம்பெனி, ஆப்பிள் போனுக்குத் தொடுதிரை செய்த இடம். உங்களைப் போலவே இளம் பிள்ளைகள், துணியை நனைத்துக் கண்ணாடி துடைக்கிற வேலை. ஆல்கஹால் காய நேரமாகிறது என்று ஹெக்சேனுக்கு மாற்றினார்கள். காற்று வெளியேற வழி போதவில்லை. 2009-ல் ஆள்கள் நடக்கத் தடுமாறி ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தார்கள். 137 பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று 2011-ல் ஆப்பிளே தன் அறிக்கையில் எழுதியது. நீ சொன்ன 'பட்டென்று காய்கிறது' என்ற வார்த்தை எனக்கு ஏன் சுருக்கென்று தைத்தது என்று இப்போது தெரிகிறதா?

உன் பாட்டிலில் இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. வேகமாகக் காய்கிற திரவம் எத்தனையோ உண்டு. சூப்பர்வைசரிடம் போய் 'எங்கப்பா விஷம்னு சொன்னார்' என்று நிற்காதே. முதலில் லேபிளைப் பார். கிளீனர், ஸ்பெஷல் பாய்லிங் பாயின்ட் ஸ்பிரிட், பெட்ரோலியம் ஈதர் என்று பெயர் எப்படி வேண்டுமானாலும் இருக்கும், பெயரை நம்பாதே. சிஏஎஸ் எண் என்று ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனி எண் உண்டு, அதைப் பார். 110-54-3 என்றால் ஹெக்சேன். 67-63-0 என்றால் நீ பழைய பாட்டிலில் பார்த்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். 142-82-5 என்றால் ஹெப்டேன். ஹெக்சேனுக்குப் பங்காளிதான், ஆனால் நரம்பு விஷயத்தில் இவ்வளவு பொல்லாதது இல்லை, 98 டிகிரியில் கொதிப்பதால் மெதுவாகவும் காயும். போன் உள்ளே விடமாட்டார்கள், தெரியும். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வா. லேபிளில் இல்லை என்றால் எம்எஸ்டிஎஸ் என்ற தாளைக் கேள், திரவத்தில் என்ன இருக்கிறது, அதனால் என்ன ஆபத்து என்று அதில் எழுதியிருக்கும். கேட்பதற்குப் பயப்படாதே. போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோதே, ஆபத்தான பொருள் எது என்று தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டார்கள்.

அந்தத் தாளில் ஹெக்சேனோடு அசிட்டோனோ, எம்இகே என்கிற கீட்டோனோ சேர்ந்திருந்தால் உடனே எனக்குச் சொல். அவை தனியாக இந்த வேலையைச் செய்வதில்லை, ஆனால் ஹெக்சேனோடு சேர்ந்தால் அதற்குக் கை கொடுக்கும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 50 பங்குக்கு மேல் ஹெக்சேன் வேண்டாம் என்பது நிபுணர்கள் சொல்கிற அளவு. அமெரிக்கச் சட்டத்தில் பழைய 500-தான் இருக்கிறது. சட்டப்படி சரி என்று யாராவது சொன்னால், எந்த எண்படி என்று கேள்.

உங்களுக்குக் கொடுக்கிற நீல மாஸ்க் தூசிக்கு ஆகும், ஆவிக்கு ஆகாது. மெல்லிய ரப்பர் கையுறையும் இதற்கு உதவாது, நைட்ரைல் என்றால் பரவாயில்லை. பாட்டிலை மூடி வை, துடைத்த துணியை மடியில் போட்டுக்கொள்ளாதே, மூடி போட்ட டப்பாவில் போடு. இதெல்லாம் சில்லறை. மேஜைக்குப் பக்கத்திலேயே ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற குழாய் வேண்டும், அல்லது திரவத்தையே மாற்ற வேண்டும். நீங்கள் நாலைந்து பேராகப் போய்க் கேட்டால் அதற்கு ஒரு எடை இருக்கும்.

அந்தப் பெண்ணை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடப் போகிறார். 'நான் தினம் இன்ன திரவத்தில் கண்ணாடி துடைக்கிறேன்' என்று அவள் வாயாலேயே சொல்லச் சொல். நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கிற பரிசோதனை இருக்கிறது, சிறுநீரில் அந்த ஹெக்சேன்டயோனைப் பார்க்கவும் முடியும். ஒருவேளை அதுதான் என்று வந்தால், வேலையை விட்ட பிறகும் இரண்டு மூன்று மாதம் கூடுவது போல இருக்கலாம், பயந்துவிட வேண்டாம். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் வளரும். காலில் அது எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். ஆரம்பத்திலேயே நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

வேலையை விட்டுவிட்டு வா என்று அம்மா எழுதச் சொல்கிறாள். நான் எழுதவில்லை. உன் சம்பளம், உன் முடிவு. ஆனால் உனக்கே விரல் நுனி மரத்தால், அன்றைக்கே எனக்குப் போன் செய். சரிப்பா சொல்லாதே.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறேன். அதிரசம் கொண்டுவருகிறேன். அந்தப் பெண்ணின் கால் அளவு கேட்டு அம்மாவிடம் சொல். பின்னால் வார் வைத்த செருப்பாக ஒன்று வாங்கி வருகிறேன், படியில் விழாமல் இருப்பாள்.

அப்பா