க்யோட்டோவில் நீ எடுத்த படம்

அன்புள்ள கண்ணம்மா,

படம் வந்தது. என்ன எஞ்சின் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். கொதிகலனுக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி நிற்கிற தகட்டில் தகைவிலான் குருவி பறக்கிறதே, அது போதும். சி62 என்கிற நீராவி எஞ்சின் வகை, அதில் இரண்டாம் எண்.

அது ஒரு எஞ்சின் இல்லை, ஒன்றரை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சரக்கு இழுக்க டி52 என்று 285 எஞ்சின்கள் கட்டினார்கள், இரும்புப் பஞ்சத்தில் அந்தக் காதுத் தகட்டுக்குக்கூட மரப்பலகை அடித்தார்கள் என்றால் அவசரத்தைப் பார்த்துக்கொள். போர் முடிந்ததும் சரக்கு குறைந்துவிட்டது, பயணிகள் கூட்டமோ தாங்கவில்லை. புது எஞ்சின் கட்ட போரில் வென்ற நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகத்திடம் அனுமதி வாங்குவது கஷ்டம். சரி, புதிது இல்லை, பழையதைத்தான் மாற்றுகிறோம் என்று கணக்கெழுதி, டி52-வின் பாய்லரைத் தூக்கி 1750 மில்லிமீட்டர் சக்கரங்களின் மேல் வைத்தார்கள் (சரக்கு எஞ்சினில் அது 1400தான்). அடிச்சட்டம் புதிது. 1948, 49-ல் இப்படி 49 எஞ்சின்கள். 'ரிப்பேர்' என்று எழுதிப் புதுசு வாங்கும் வித்தை நம் ஆபீசில் மட்டும் என்று நினைத்திருந்தேன்! அந்தப் போர்க்காலப் பாய்லர்களையும் நம்ப முடியாமல் பின்னால் பலவற்றை மாற்றினார்கள், ஆக பழையது என்று மிச்சம் என்ன இருந்தது என்று கேட்காதே.

எனக்கு அதில் ஒரு பொறாமை. அதற்கு ஸ்டோக்கர் உண்டு. பின்னால் கரி சுமக்கிற டெண்டர் வண்டியிலிருந்து திருகுத் தண்டு கரியைத் தள்ளிக்கொண்டு வரும், நீராவி அதை நெருப்புக்குள் வீசும். நான் எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்த வருஷமெல்லாம் ஷவலால் அள்ளினவன். நீ குழந்தையாக இருந்தபோது உன்னை இடது கையில்தான் தூக்குவேன் என்று அம்மா கேலி செய்வாளே, வலது தோள் போனது அதில்தான்.

அப்புறம், உன் நாகோயாவிலேயே ரயில்வே பார்க்கில் 17-ஆம் எண் நிற்கிறது. 1954 டிசம்பர் 15 அன்று கிசோ ஆற்றுப் பாலத்தின் பலத்தைச் சோதிக்க அதை ஓட்டியபோது மணிக்கு 129 கிலோமீட்டர் வேகம் தொட்டது; ஜப்பானில் வேறு எந்தக் கரி எஞ்சினும் அதைத் தாண்டவில்லை. நம் மீட்டர் கேஜை விட நாலு விரல் அகலமான பாதையில்! இதை வடிவமைத்த ஷிமா ஹிதேயோதான் பிறகு நீ போய்வருகிற ஷின்கான்சென் அதிவேக ரயிலுக்கும் தலைமைப் பொறியாளர்.

அடுத்த முறை க்யோட்டோவுக்குச் சாதாரண ரயிலில் போ, அந்த ஆற்றைத் தாண்டித்தான் போகும். 17-ஐப் பார்க்கப் போனால் முகப்பைப் படம் எடுக்காதே, எல்லாரும் எடுப்பது அதைத்தான். சக்கரத்துக்குப் பக்கத்தில் நீ நின்று யாரையாவது எடுக்கச் சொல்லி அனுப்பு, உன் உயரத்தை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா