ஒரு மாலைக் காட்சி கொடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் திரையரங்கு உரிமையாளர்களுக்கு,

வணக்கம். சிறிய படங்களுக்குக் காட்சி ஒதுக்குவதைப் பற்றி உங்களில் சிலரிடம் நேரிலேயே பேசியிருக்கிறேன். "பார்க்கலாம் சார்" என்றீர்கள். போன சனிக்கிழமை நடந்ததற்குப் பிறகு, எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு புது இயக்குநரின் படம். தியேட்டருக்கே போய்ப் பாருங்கள் என்று விமர்சனத்தில் எழுதியிருந்தேன். தருமபுரியில் ஒரே அரங்கு, பகல் பதினொரு மணிக்கு ஒரே காட்சி. இரண்டாவது முறை பார்க்கலாம் என்று நானும் போனேன். கவுன்டரில் எனக்கு முன்னால் ஒரு அம்மா. தையல் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, மகனையும் கூட்டிக்கொண்டு பென்னாகரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். "பத்து பேராவது சேரணும்மா, இல்லன்னா ஷோ கிடையாது" என்றார்கள். இருந்தது ஏழு பேர். பதினொன்றேகால் வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். "மீதி மூணு டிக்கெட்டுக்கும் நாமளே காசு போட்டுக் குடுத்தா ஓட்டுவாங்களாண்ணா?" என்று அந்த அம்மா கேட்டார். போய்க் கேட்டேன். ஆபரேட்டர் கிளம்பிவிட்டாராம். பையன் போஸ்டர் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். என் எழுத்தை நம்பி வந்தவர்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

கூட்டம் வரவில்லையே என்பீர்கள். கரண்ட் பில், சம்பளம் எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் பதினொரு மணிக்கு யார் வருவார்கள்? ஓசூர் கம்பெனிக்குப் போகிறவர், மாங்காய் மண்டியில் நிற்பவர், புளி தட்டும் பெண்கள், எல்லோருக்கும் பொழுது சாய்ந்த பிறகுதான் நேரம். முதல் வாரம் முழுக்க தினமும் ஒரே ஒரு மாலைக் காட்சி, அதைத்தான் கேட்கிறேன்.

2024 செப்டம்பரில் 'லப்பர் பந்து' வந்தது. 2025 மே 1ஆம் தேதி, பெரிய நடிகரின் படம் வந்த அதே நாளில், 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தது. இரண்டும் வாய்வழியாக வளர்ந்த படங்கள். ஒருவர் பார்த்துவிட்டு வந்து பக்கத்து வீட்டில் சொல்ல நாலு நாளாவது வேண்டும். திங்கட்கிழமையே படத்தைத் தூக்கிவிட்டால் அவர் யாரிடம் சொல்லி என்ன?

இன்னொன்று 'கொட்டுக்காளி'. சமீபத்தில் வந்தவற்றில் என் மனதை அதிகம் பிடித்தாட்டிய படம் அதுதான். 2024 ஆகஸ்ட் 23 அன்று, 'வாழை'யோடு ஒரே நாளில் வந்தது. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ உறுமுவதும் சேவல் சிறகடிப்பதும்தான் காதில் விழும். நடுவில் படத்தின் நாயகி கிட்டத்தட்ட வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். அந்த மௌனத்தை இருட்டில், நாலு பேர் மூச்சுக்கு நடுவில் கேட்க வேண்டும். வீட்டில் ஃபேன் சத்தத்தில் போனை வைத்துப் பார்த்தவர்கள் "ஒண்ணுமே நடக்கலையே" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே 2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள், தியேட்டர் வளாகத்தில் யூடியூப்காரர்களை விடாதீர்கள் என்று அரங்கு உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டார்கள். விமர்சனத்தால் படம் செத்துப்போகிறது என்று வருத்தப்பட்டார்கள். தரக்குறைவாகப் பேசுவதை நானும் ஏற்கவில்லை. ஆனால் நல்லதென்று நாங்கள் எழுதிய படங்கள் ஆளில்லாத நேரத்தில் ஓடி மூன்றே நாளில் காணாமல் போகின்றனவே, அதற்கு ஒருவரும் அறிக்கை விடவில்லை. கோடிக்கணக்கில் போட்டவரின் நஷ்டம் மட்டும்தான் நஷ்டமா? ஒகேனக்கல்லில் பாட்டு எடுக்க வருகிறார்கள், எடுத்துக்கொண்டு போகிறார்கள். இந்த ஊர்க்காரன் ஒரு படம் எடுத்தால், அதை இந்த ஊரில் எந்த நேரத்தில் ஓட்டுவீர்கள்?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். உங்களைத் தாண்டி இதைக் கேட்க எங்களுக்கு வேறு இடமில்லை. ஏழு நாள், நாளுக்கு ஒரு மாலைக் காட்சி. பென்னாகரத்துக்கும் அரூருக்கும் கடைசி பஸ் கிளம்புவதற்குள் முடிகிற மாதிரி, ஒரு ஆறு மணிக் காட்சியாகக் கொடுத்தால் போதும்.

நன்றியுடன்,
தருமபுரியிலிருந்து ஒரு திரை விமர்சகன்